மில்டவுன் மால்பே: நாற்காலி கிடைக்காத ஊரில் ஒன்பது நாள்

அயர்லாந்தின் மில்டவுன் மால்பே என்ற ஊரில் கோடைதோறும் நடக்கும் ஐரிஷ் இசைப் பள்ளி, வில்லி கிளான்சி கோடைப் பள்ளி. அங்கே நான் போய்வந்தது இது மூன்றாவது முறை. முதல் வருடம் திரும்பி வரும்போது இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் பாதி பிடித்தது. இந்த வருடம் ஊரைவிட்டுக் கிளம்ப மனமே வரவில்லை. ஊர் அதேதான், கூட்டமும் அதேதான். அந்தக் கூட்டத்தில் எங்கே உட்காரவேண்டும், எப்போது எழுந்துவிடவேண்டும் என்று பிடிபட எனக்கு மூன்று கோடை ஆகியிருக்கிறது. அயர்லாந்தில் பிள்ளைகளை ஃபிடில், விசில் வகுப்பில் சேர்த்திருக்கும் நம் ஆட்கள் சிலர், "அங்கே போகலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா" என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் லிமெரிக்கில் செவிலியராக இருக்கிறேன். தஞ்சாவூரில் பள்ளி நாட்களில் ஏழு வருடம் கர்நாடக வயலின் கற்றேன். இங்கே வந்தபிறகு ஆறு வருடமாக ஐரிஷ் ஃபிடில். கருவி ஒன்றுதான். அங்கே சம்மணமிட்டு, வயலினின் தலைப்பைக் கணுக்காலில் ஊன்றி வாசித்தேன். இங்கே தோளுக்கும் மோவாய்க்கும் நடுவில் பிடித்து வாசிக்கிறேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது, டின் விசில் என்ற சின்ன உலோகக் குழல் வாசிக்கிறாள். இருவரும் சேர்ந்துதான் போவோம்.

முதலில் ஊரைப் பற்றி. மில்டவுன் மால்பே, கிளேர் மாவட்டத்தின் மேற்குக் கடலோரம், என்னிஸிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சுமார் ஆயிரம் பேர் வசிக்கும் சிற்றூர். ஒரு நீளமான கடைத்தெரு, அதன் இரண்டு பக்கமும் பப்கள். வில்லி கிளான்சி 1918-இல் இங்கே பிறந்தவர். தச்சு வேலை செய்தவர், இலன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பைக்குழல் வாசித்த பெரிய கலைஞர். 1973 ஜனவரியில் இறந்துபோனார். அதே ஆண்டு கோடையில் அவர் பெயரில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஜூலை முதல் வாரக்கடைசியில் ஆரம்பித்து ஒன்பது நாள். வகுப்பில் சேருபவர்களே ஆயிரம் பேருக்கு மேல். வகுப்பில் சேராமல் சும்மா வாசிக்க வருபவர்கள், கேட்க வருபவர்கள் எல்லாரும் அதற்கு மேலே. ஆயிரம் பேர் ஊரில் இவ்வளவு பேர் வந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பள்ளி நடத்துவது காலை வகுப்பு, பிற்பகல் சொற்பொழிவு, இரவுக் கச்சேரி, அப்புறம் கெய்லி என்ற நடன இரவு. பப்களில் நடக்கும் செஷன்களை யாரும் ஏற்பாடு செய்வதில்லை. அவை தானாக உருவாகிறவை. சில பப்கள் மட்டும் இரண்டு, மூன்று கலைஞர்களுக்குப் பணம் கொடுத்து ஒரு மூலையில் உட்காரவைக்கும். அவர்களைச் சுற்றி மற்றவர்கள் சேருவார்கள். ஆகவே கூட்டத்துக்குப் பள்ளியைக் குறை சொல்வது நியாயமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செஷன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, மைக் இல்லாமல், தாள் பார்க்காமல், எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பது. ஒருவர் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேருவார்கள். ஒரு மெட்டை மூன்று முறை சுற்றிவிட்டு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். எந்த மெட்டு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். தொடங்கியவர் முகத்தையும் வில்லையும் பார்த்துக்கொண்டேதான் நாம் போகவேண்டும்.

ஒரு காலத்தில் இது அடுப்படி இசை. கிளேர் கிராமங்களில் வீட்டுச் சமையலறையில் ஒரு ஃபிடில், ஒரு கான்சர்டினா என்ற சின்னக் கைத்துருத்திப் பெட்டி, நடனமாட எட்டுப் பேர், அவ்வளவுதான். 1935-இல் நடனக்கூடச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாத நடனங்களை அடக்கினார்கள், பாதிரியார்களும் வீட்டு நடனங்களை விரட்டினார்கள். பிறகு லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போன ஐரிஷ்காரர்கள் 1940-களின் கடைசியில் அங்கே பப்களில் கூடி வாசித்தார்கள். அந்தப் பழக்கம் இங்கே திரும்பி வந்து செஷனாக நிலைத்தது. பப்புக்குள் வந்தபிறகும் அது சமையலறை அளவு இசையாகவே இருக்கிறது. ஆறு பேர், எட்டுப் பேர் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதை முதல் வருடம் செவ்வாய்க்கிழமை இரவு பார்த்தேன்.

பப்பின் பெயர் வேண்டாம். ஒன்பது மணி இருக்கும். உள்ளே ஒரே மேஜையைச் சுற்றி இருபத்தாறு பேர். எண்ணினேன், அதனால்தான் தெரியும். அதில் பதினொரு ஃபிடில், நான்கு பட்டன் அக்கார்டியன், மூன்று பௌரான் மேளம், இரண்டு கிட்டார். அவர்களுக்குப் பின்னால் கையில் கிளாஸோடு நிற்பவர்கள் மூன்று வரிசை. மகளும் நானும் சுவரோரம் ஒரு பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டோம். மேஜையின் அந்தக் கோடியில் ஒருவர் ரீல் என்ற வேகமான நடன மெட்டைத் தொடங்கினார். எங்களுக்குக் கேட்டது மேளம் மட்டும். பக்கத்தில் இருந்தவர் விரலைப் பார்த்து நானும் வாசித்தேன். மூன்றாவது சுற்று முடிந்து அங்கே மெட்டு மாறிவிட்டது. எங்கள் கோடிக்கு அது தெரியவே இல்லை. நாங்கள் பழைய மெட்டையே இரண்டு வரி வாசித்துக்கொண்டிருந்தோம். மகள் விசிலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு என் காதில், "அம்மா, எனக்கு என் விசிலே கேக்கலை" என்றாள்.

அப்போதுதான் பின்னால் நின்ற ஒருவர் வழிவிடுவதற்காக ஓரடி நகர்ந்தார். அவர் முழங்கை என் வில்லின் நுனியில் பட்டது. நுனித்தகடு விரிசல் விட்டது. பாவம், அவர் மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை, நிற்க இடம் இருந்தால்தானே. ஆனால் அந்த வில் என் குரு வாங்கிக் கொடுத்தது. இரவு அறைக்கு வந்து அதைத் துணியில் சுற்றி வைத்தபோது அழுதேன். லிமெரிக் திரும்பியபின் சரிசெய்தாகிவிட்டது, இன்றும் அதில்தான் வாசிக்கிறேன்.

ஏன் இப்படிக் குழம்புகிறது என்று வந்தபிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேஜைகளை ஒட்டிப்போட்டு ஏழு மீட்டர் நீளமாக்கிவிட்டால், அந்தக் கோடியில் வாசித்தது இந்தக் கோடிக்கு வர நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகிறது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் வேகமான ரீலில் நொடிக்கு ஏழு, எட்டு ஸ்வரம் ஓடுகிறது. நாம் கேட்டபின் வாசிக்கிறோம், நம்மைக் கேட்டுப் பக்கத்தவர் வாசிக்கிறார். இப்படித் தாமதம் கூடிக்கொண்டே போகும். பின்தங்கியவர்கள் பிடிக்க ஓடுவார்கள், ஓடுவதைக் கேட்டு முன்னால் இருப்பவர்களும் ஓடுவார்கள். கூட்டமான செஷன் எப்போதும் வேகமாகிக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கிளேர் மாவட்டத்து வாசிப்பு நடையின் அழகே அதன் நிதானம். அது முதலில் போய்விடுகிறது.

இன்னொன்று சத்தம். அன்றிரவு என் ஃபோனில் அளந்தேன், 92 டெசிபல் காட்டியது. ஃபோன் அளவு துல்லியமில்லை என்று வைத்துக்கொண்டாலும், இங்கே வேலையிடத்தில் ஒரு நாள் சராசரி 85-ஐத் தொட்டாலே காதுக்காப்பு கட்டாயம். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் இசைக்காரர்கள் போடும் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். மெட்டு கேட்கும், கூச்சல் குறையும். செவிலியராகச் சொல்கிறேன், காது போனால் திரும்பாது.

சரி, நல்லதுக்கு வருகிறேன்.

வகுப்புக்கு முழு மதிப்பெண். காலை பத்து மணிக்கு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில், வீடுகளில், எங்கெல்லாம் ஓர் அறை கிடைக்கிறதோ அங்கெல்லாம் நடக்கும். இந்த வருடம் எங்கள் அறையில் பதினான்கு பேர். ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார், நாங்கள் திருப்பி வாசிப்போம். மறுபடி அதே வரி. தாளில் எழுதியதைக் கடைசி நாள்தான் கொடுத்தார், அதுவும் கேட்டவர்களுக்கு மட்டும். எனக்கு இது பழகிய வழி. தஞ்சாவூரில் என் குருவும் வாயால் பாடித்தான் விரலில் ஏற்றினார். ஆறு நாளில் நான்கு மெட்டு. எண்ணிக்கை குறைவு என்று தோன்றலாம். ஆனால் 'ரோல்' என்ற ஒரே ஒரு கமகத்துக்கு ஒரு காலை முழுக்கச் செலவிட்டோம். ஒரு ஸ்வரத்தை மேலிருந்து ஒரு தட்டு, கீழிருந்து ஒரு தட்டு தட்டித் திரும்பவேண்டும். அந்த இரண்டு தட்டும் தனி ஸ்வரமாகக் கேட்கக்கூடாது, கதவில் விரல் பட்டதுபோல இருக்கவேண்டும். என் விரல் அங்கே நம்ம ஊர்ப் பழக்கத்தில் வழுக்கிக்கொண்டு போகும். ஆசிரியர் என் மோதிர விரலைப் பிடித்து, நரம்பிலிருந்து அரிசி மணி உயரம்கூட எடுக்காமல் தட்டவைத்தார். வியாழக்கிழமை அது ஒருமுறை சரியாக விழுந்தது. அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

அதேபோல இரவுக் கச்சேரிகள். வாரக் கட்டணத்திலேயே வகுப்பு, சொற்பொழிவு, கச்சேரி மூன்றும் அடங்கிவிடுகிறது, அதனால் தவறவிடாதீர்கள். இலன் பைப்ஸ் கச்சேரிக்குக் கட்டாயம் போங்கள். வாயால் ஊதுவதில்லை, முழங்கைக்குக் கீழே ஒரு துருத்தி, அதை அமுக்கிக் காற்றேற்றுவார்கள். பெயரிலேயே முழங்கை இருக்கிறது. 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த கலை. அரங்கம் நிறைந்து சுவரோரம் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். ஆனால் இருமல் சத்தம்கூட இல்லை. அந்தக் கலைஞர் மெட்டுக்கு நடுவில் குழலின் அடியைத் தொடையில் வைத்து மூடும்போது தோலில் படும் மெல்லிய 'டப்' ஒலி பின்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. அங்கேயும் கூட்டம்தான். எல்லாரும் கேட்க வந்த கூட்டம்.

பப்பிலும் அப்படி ஒரு நேரம் உண்டு. யாராவது பாட எழுந்தால் "கியூனஸ்!" என்று ஒரு குரல் வரும். ஐரிஷ் மொழியில் அமைதி என்று பொருள். கிளாஸ் கழுவுகிறவர்கூட நிறுத்திவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரியம்மா ஏழெட்டுச் செய்யுள் பாடினார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த மரியாதை ஃபிடிலுக்கும் ஒரு பத்து நிமிடம் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இனி, செஷனில் வாசிக்கத்தான் வேண்டும் என்றால். நேரம்தான் முக்கியம். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை ஊர் சாப்பிடப் போகிறது. அந்த இரண்டு மணி நேரம் பொன்னானது. பிள்ளைகள் இருந்தால் இதுதான் ஒரே வழியும்கூட. கோடையில் இரவு பத்து மணிக்குமேல் சிறுவர்கள் பப்பில் இருக்கச் சட்டம் இடம் தராது. கச்சேரி முடிந்து ஆட்கள் தெருவுக்கு வரும் ஒன்பதரைக்கு மேல் உட்கார இடம் தேடுவது வீண் வேலை. வார நடுவைவிட முதல் ஞாயிறு பிற்பகல் நன்றாக இருக்கும், திங்கள் வகுப்புக்காரர்கள் பலர் அப்போது வந்திருக்கமாட்டார்கள். கடைத்தெருவை விட்டு பக்கத்து ஊர்களான ஸ்பானிஷ் பாயின்ட், குயில்ட்டி, மல்லா பக்கம் போனாலும் செஷன் உண்டு, கூட்டம் பாதி.

உட்காரும் இடத்தையும் பார்க்கவேண்டும். ஃபிடில்காரர்களுக்கு வலது முழங்கைக்கு இடம் வேண்டும். வலப்பக்கம் புல்லாங்குழல்காரர் இருந்தால் நல்லது, அவர் குழல் நமக்கு எதிர்ப்பக்கமாக நீளும். இடப்பக்கம் இருந்தால் குழலின் நுனி நம் கருவியின் தலைப்பில் இடிக்கும். பாஞ்சோ, கிட்டார் கழுத்துகள் இடப்பக்கம் நீளுபவை. அவர்கள் வலப்பக்கம் வந்தால் நம் வில் போகும் வழி அடைபடும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். பாருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் உள்ள வழியில் மட்டும் உட்காராதீர்கள், என் வில் பட்ட பாடு போதும். கருவிப்பெட்டியைத் தரையில் வைத்தால் பியர் கொட்டும். நான் அதை ஜன்னல் திண்டில் வைத்துவிடுகிறேன்.

கேட்டுவிட்டு உட்காருங்கள். மேஜையில் எட்டுப் பேர் இருந்தால், இடம் இருப்பதுபோலத் தெரிந்தாலும், நான் இப்போது உட்காருவதில்லை. ஏற்கெனவே ஒரு பௌரான் இருந்தால் இரண்டாவது பௌரான் பைக்குள் இருப்பதே நல்லது. கிட்டாருக்கும் அதுவேதான், இரண்டு கிட்டார் இரண்டு விதமாக ஸ்வரக்கட்டு (கார்ட்) போட்டால் மெட்டு நடுவில் மாட்டிக்கொள்கிறது. தெரியாத மெட்டைத் தேடித் தேடி வாசித்துப் பார்ப்பவர்கள் உண்டு. நானும் முதல் வருடம் செய்தேன். இருபது பேரில் ஐந்து பேர் அப்படித் தேடினால் மீதிப் பேரின் உழைப்பும் வீணாகிறது. ஃபோனில் பதிவு செய்துகொண்டு அறையில் போய்க் கற்கலாமே. அதற்கும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்த வருடம் புதன்கிழமை மாலை ஐந்தேகால். தெருக்கோடியில் ஒரு சின்ன பப், பின் அறை. நான்கு பேர்தான்: ஒரு கான்சர்டினா, ஒரு புல்லாங்குழல், இரண்டு ஃபிடில். "உட்காரலாமா" என்று கேட்டேன். கான்சர்டினா வாசித்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மகளுக்கு ஜன்னலோரம் ஒரு முக்காலி. அவர் தொடங்கிய ஜிக் என்ற நடன மெட்டு எனக்குத் தெரியும். இரண்டாவது மெட்டும் தெரியும். மூன்றாவது தெரியவில்லை, வில்லை மடியில் வைத்தேன். அப்போதுதான் அவர் கால் தட்டுவது கேட்டது. குதிகால் மட்டும், பலகைத் தரையில், சத்தமே இல்லாததுபோல. கான்சர்டினாவின் துருத்தி திசை மாறும்போது ஒரு சின்ன மூச்சு. அந்த மூச்சு எங்கே விழுகிறதோ அங்கே புல்லாங்குழல்காரரும் மூச்செடுத்தார். ஐந்து பேரும் ஒரே உடம்பாக வாசித்தோம். கொஞ்ச நேரத்தில் பெரியவர் மகளைப் பார்த்து, நீ ஒன்று தொடங்கு என்று தலையசைத்தார். அவள் வகுப்பில் அன்று காலை கற்ற போல்கா என்ற நடன மெட்டை வாசித்தாள். அவளுடைய வேகத்திலேயே, அவள் தயங்கிய இடத்தில் தயங்கி, நால்வரும் கூடவே வந்தார்கள். அவள் விசில் அறை முழுக்கக் கேட்டது.

ஏழு மணிக்குமேல் கதவு திறந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடத்தில் பதினைந்து பேர். பெரியவர் கான்சர்டினாவை அதன் அறுகோணப் பெட்டியில் வைத்துக் கொக்கியைப் போட்டார், எங்களைப் பார்த்துச் சிரித்தார், கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்களும் எழுந்தோம். அந்த இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், சந்தோஷமாக. நாங்கள் ஸ்பானிஷ் பாயின்ட் கடற்கரைக்கு நடந்தோம். 1588-இல் ஸ்பெயின் நாட்டுப் போர்க்கப்பல்கள் இந்தக் கரையோரம் உடைந்ததால் வந்த பெயர். ஜூலையில் பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது. மகள் மணலில் உட்கார்ந்து அந்தப் போல்காவை இன்னும் நான்கு முறை வாசித்தாள்.

மற்ற விழாக்களோடு ஒப்பிடச் சொன்னால்: ஃப்ளா கியோல் என்ற ஐரிஷ் இசைப் பெருவிழா இதைவிடப் பல மடங்கு பெரியது, பல லட்சம் பேர் வருவார்கள். 2023-இல் அது நடந்த மல்லிங்கர் ஊருக்குப் போனோம். தெருவெங்கும் பிள்ளைகள் வாசிப்பதைப் பார்க்க அருமையாக இருக்கும், போட்டிகளும் உண்டு. செஷனில் உட்காரும் ஆசையோடு மட்டும் போகவேண்டாம். ஆகஸ்டில் கிழக்கு கிளேரில் ஃபீக்கிள் என்ற கிராமத்தில் ஒரு விழா நடக்கிறது. அளவில் சிறியது, நடை நிதானமானது. முதல்முறை போகிறவர்களுக்கு அதையே சொல்வேன். ஜூலையில் லீட்ரிம் மாவட்டம் டிரம்ஷான்போவிலும் இதேபோன்ற கோடைப் பள்ளி உண்டு. அங்கே நான் இன்னும் போனதில்லை.

மில்டவுன் போவதென்றால் தங்குமிடத்தைக் குளிர்காலத்திலேயே பிடித்துவிடுங்கள். ஏப்ரலில் தேடினால் பக்கத்து ஊரான லாஹிஞ்ச்சில்கூடக் கிடைக்காது. நாங்கள் கடைத்தெருவிலிருந்து நாற்பது நிமிட நடையில் ஒரு வீட்டில் அறை எடுத்தோம். தூரம்தான், ஆனால் இரவு தூங்க முடிந்தது. என்னிஸிலிருந்து பேருந்து குறைவு, கார் இருந்தால் நல்லது. காரைக் கடைத்தெருவுக்குள் கொண்டுபோகாதீர்கள். மழைக்கோட்டு, பழைய செருப்பு, வில்லில் தேய்க்க ரோசின் என்ற பிசின் கட்டி, கொஞ்சம் புளிசாதம். சாப்பாட்டுக்கடைகளில் எட்டு மணிக்கு வரிசை வாசல்வரை நிற்கும்.

அடுத்த ஜூலைக்கு அதே வீட்டில் அறை சொல்லிவைத்துவிட்டேன். வகுப்பில் எந்தக் கருவி என்று கேட்டதற்கு மகள் கான்சர்டினா என்கிறாள். வாடகைக்கு ஒன்று கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.